வாளும் உலையும்

கடந்த ஆயுத பூசையன்று ஒரகடம் வரை சென்று வர நேர்ந்தது. நம்மிடம் இளங்கலைத் தமிழ் பயின்ற மாணவர் ஒருவர் அங்கே வண்டி உறுப்புகள் செய்யும் சிறு தொழிற்சாலையொன்றில் பணிபுரிகிறார். எஃகுத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரிவில் வேலை. தமிழ் படித்தவருக்கு அங்கே என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், வல்லம், ஒரகடம் என்று நீளும் அந்தச் சாலையில் தமிழ் படித்தவர், வரலாறு படித்தவர், ஒன்றும் படிக்காதவர் எல்லாரும் ஒரே நீலச் சட்டையில்தான் நடமாடுகிறார்கள்.

எந்திரங்கள் அன்று ஓய்விலிருந்தன. ஆள் உயரத்தைப் போல் மூன்று மடங்கு நின்ற அழுத்து எந்திரத்தின் நெற்றியில் சந்தனம், குங்குமம். கைப்பிடியில் சாமந்தி மாலை. எண்ணெய்க் கறை துடைத்து, ஸ்பேனர்களையும் அளவு கோல்களையும் வாழையிலையில் வரிசையாக வைத்திருந்தார்கள். பொரியும் பொட்டுக்கடலையும் கையில் வாங்கிக்கொண்டு நின்றபோது நமக்கு ஔவையார்தாம் நினைவுக்கு வந்தார். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்ற ஔவைக்கு, அவன் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். பீலி அணிந்து, மாலை சூடி, காம்பு திருத்தி, நெய் பூசிக் காவலுக்குள் மின்னிக்கொண்டிருக்கின்றன ஆயுதங்கள். ஔவை அவற்றைப் புகழ்வது போலப் புகழ்ந்துவிட்டுத் தம் தலைவனுடைய வேல்களோ பகைவரைக் குத்திக் குத்தி நுனி சிதைந்து எப்போதும் கொல்லனின் சிறு பட்டறையிலேயே கிடக்கின்றன என்று முடிக்கிறார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு. வகுப்பில் இதை நாம் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். தொண்டை நாட்டிலேயே, மாலை சூட்டிய இரும்பின் முன் நின்றுகொண்டு அதை நினைத்தது அதுவே முதல் முறை.

நம் மாணவர் மாலை வேளைகளில் சிலம்பம் பழகுகிறார். கம்பு முடித்து இப்போது சுருள்வாளில் கை வைத்திருக்கிறாராம். பூசை முடிந்ததும் கேட்டார்: “ஐயா, நம்ம ராசாக்கள் பிடிச்ச வாள் ஒண்ணையாவது கண்ணால பார்க்கணும். எங்க போகணும்?”

எளிய கேள்விதான். விடை எளிதாக இல்லை. அதைத் தேடியதில் விளைந்ததே இக்கட்டுரை.

முதலில் அவர் நின்றுகொண்டிருந்த மண்ணைப் பற்றியே சொல்லிவிடுவோம். ஒரகடத்திலிருந்து படப்பை வழியாகச் சென்றால் மணிமங்கலம் அதிகத் தொலைவில்லை. ஏழாம் நூற்றாண்டில் வாதாபிச் சளுக்கியன் இரண்டாம் புலிகேசி தொண்டை மண்டலத்துக்குள் புகுந்தபோது, முதலாம் நரசிம்மவர்மன் அவனை எதிர்த்து வென்ற களங்களாகப் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் என்ற மூன்றைக் கூரம் செப்பேடு குறிக்கிறது. புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே ஏடாகக் கொண்டு பல்லவன் வெற்றி என்ற சொல்லை எழுதினான் என்கிறது அச்செப்பேடு. எழுதிய கருவி எதுவென்று நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். அடுத்த நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மனின் படைத்தலைவன் உதயசந்திரன் தன் வாளால், தன் கையாலேயே சித்திரமாயன் என்ற பல்லவனைக் கொன்றதாக உதயேந்திரம் செப்பேடு கூறுகிறது. அந்த நந்திவர்மன் காஞ்சியில் எடுத்த வைகுந்தப் பெருமாள் கோயிலின் சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாறு முழுவதும் சிற்பமாக ஓடுகிறது. வாளும் கேடயமும் ஏந்திய வீரர்களை அங்கே வரிசை வரிசையாகக் காணலாம். மணல்கல் பொரிந்து முகங்கள் அழிந்த இடத்திலும் தூக்கிய கை தெரிகிறது.

மணிமங்கலத்துக்கு மீண்டும் வருவோம். அங்குள்ள இராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களில் முதலாம் இராஜாதிராஜன், இரண்டாம் இராஜேந்திரன், வீரராஜேந்திரன் ஆகிய மூன்று சோழ உடன்பிறந்தாரின் மெய்க்கீர்த்திகளும் உள்ளன. 1054இல் கொப்பத்துப் போரில் யானை மேலிருந்தே இராஜாதிராஜன் உயிர் துறந்ததும், தம்பி அக்களத்திலேயே முடி சூடியதும் சோழர் வரலாற்றில் எவரும் மறவாத செய்தி. அந்தப் போரைச் சொல்லும் முதன்மைச் சான்றுகளுள் ஒன்று, கார்த் தொழிற்சாலைப் பேருந்துகள் தினமும் கடந்து செல்லும் இவ்வூரில் நிற்கிறது. பெருமாளைச் சேவித்துவிட்டுச் சுவரைப் பார்க்காமல் திரும்புவோரே பலர். குற்றம் சொல்ல மாட்டோம்; நாமும் முதல் இரண்டு முறை அப்படித்தான் திரும்பினோம்.

இம்மெய்க்கீர்த்திகளைப் படிக்கும்போது ஒன்று உறுத்தியது. கொன்ற யானைகள் எண்ணிக்கையோடு வருகின்றன. வீழ்ந்த பகைவர்கள் பெயர் பெயராக வருகிறார்கள். பிடித்த தேவியர், கவர்ந்த கொடிகள் எதுவும் விடுபடவில்லை. இவ்வளவையும் சாதித்த இரும்பை அடித்தவன் மட்டும் வரவில்லை. மன்னன் கை வாளை யார் செய்தார், எந்த ஊர் உலையில் காய்ச்சினார் என்று ஒரு சொல் கிடையாது. சோழர் படைப் பிரிவுகளில் ‘வாள் பெற்ற கைக்கோளர்’ என்றொரு பெயர் வருகிறது. வாளைப் பெற்றவர் பெயர் இருக்கிறது. செய்து கொடுத்தவர் பெயர்? பொன்முடியாராவது தாய்க்கும் தந்தைக்கும் வேந்தனுக்கும் நடுவே கொல்லனுக்கும் ஒரு கடமையை வைத்துப் பாடினார். பின் வந்த புகழ்மாலைகளில் கொல்லனுக்கு அந்த இடமும் இல்லை.

கடல் கடந்த செய்தியிலும் இதே கதைதான். 1025இல் முதலாம் இராஜேந்திரன் கடாரமும் ஸ்ரீவிஜயமும் வென்றதை எல்லாரும் அறிவோம். வீரராஜேந்திரன் கடாரத்தை வென்று, தன் அடி பணிந்த அதன் மன்னனுக்கே திருப்பிக் கொடுத்தான் என்று அவனது ஏழாம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு சொல்கிறது. அது இருப்பதும் நம் பக்கத்தில்தான்: அச்சிறுபாக்கத்தை அடுத்த பெரும்பேறு. இந்த வரிகளை மேடையில் சொன்னால் கைத்தட்டல் உறுதி. ஆனால் தென்கிழக்காசிய மண்ணில் தமிழர் விட்டு வந்த எழுத்துச் சான்றுகளைத் தேடினால் வேறு வகையான மனிதர்கள் எதிர்ப்படுகிறார்கள். தாய்லாந்தின் குவான் லுக் பட் என்னுமிடத்தில் கிடைத்த சிறு கல்லொன்றில் ‘பெரும்பதன் கல்’ என்று தமிழ் பிராமியில் பொறித்திருக்கிறது. கி.பி. மூன்று, நான்காம் நூற்றாண்டு. பொற்கொல்லர் ஒருவரின் உரைகல் அது. அதே நாட்டின் தக்குவாபாவில் மூன்றாம் நந்திவர்மன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டு ஒரு குளம் தோண்டியதையும், அது மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும் அடைக்கலம் என்பதையும் கூறுகிறது. சேனாமுகத்தார் என்றால் படையினர். காஞ்சி வேந்தன் காலத்தில் வாளோடு கடல் கடந்த அவர்கள், அங்கே ஒரு குளத்துக்குக் காவல் நின்றவர்களாகவே நினைவில் தங்கியிருக்கிறார்கள். சுமத்திராவின் பாருசில் 1088ஆம் ஆண்டுக் கல்வெட்டை நாட்டியவர்கள் ஐந்நூற்றுவர் என்னும் வணிகர் குழு. உரைகல், குளம், வணிகம். வாளின் ஓசையைவிட இவையே அங்கு உரக்கக் கேட்கின்றன.

இவ்விடத்தில் நம் நண்பர் சிலருக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். மலாய் மக்களின் சிலாட் நம் சிலம்பத்திலிருந்து பிறந்தது என்று உறுதியாகப் பேசுவோர் உண்டு. ‘சில’ என்று தொடங்குவது ஒன்றைத் தவிர அவர்கள் காட்டும் சான்று பெரும்பாலும் வேறில்லை. இரண்டு நாடுகளுக்கிடையே ஆயிரம் ஆண்டுப் போக்குவரத்து இருந்தது. கொண்டதும் கொடுத்ததும் இருந்திருக்கும். ஆயினும் ஒலி ஒற்றுமை வரலாறு ஆகாது. ஐயமற்ற சிலம்பத் தொடர்பு ஒன்று வேண்டுமானால், அது அரசர் காலத்ததன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் ரப்பர்த் தோட்டங்களுக்குப் போன தமிழ்த் தொழிலாளிகள் மலேயாவுக்குச் சிலம்பத்தைக் கொண்டு சென்றார்கள். அது இன்றும் அங்கே வாழ்கிறது. கப்பலில் அவர்கள் வாள் கொண்டு போகவில்லை. கம்பு எந்தக் காட்டிலும் கிடைக்கும் அல்லவா?

இனி அவர்களுடைய வாளைப் பார்ப்போம். சரியாகச் சொன்னால் கெரிஸ் வாளன்று, குறுவாள். பாம்பு போல் நெளிந்த அலகு என்று படங்களில் கண்டிருப்போம். நேரான அலகுடையவையும் உண்டு. நெளிவுகளை எண்ணினால் ஒற்றைப்படையாகவே வரவேண்டும் என்பது மரபு. அலகின் மேல் மரத்தின் ரேகை போல, தண்ணீரின் அலை போல ஓடும் வரிகளைப் பாமோர் என்கிறார்கள். இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் அடுக்கி, பழுக்கக் காய்ச்சி, அடித்து ஒன்றாக்கி, மடித்து மீண்டும் அடித்துப் பெறும் வரிகள் அவை. புளிப்புச் சாறும் பாடாணமும் கொண்டு துலக்கினால் நிக்கல் வெளுத்தும் இரும்பு கறுத்தும் தெரியும். சாவகத்தில் பிரம்பனான் அருகே விழுந்த விண்கல்லின் இரும்பும் இதற்குப் பயன்பட்டது. இந்தக் கொல்லர்களுக்கு அங்கே எம்பு என்று பெயர். வெறும் தொழிற்பெயரன்று, பட்டம். புகழ்பெற்ற எம்புகளின் பெயர்கள் மன்னர் பெயர்களோடு சேர்ந்தே சொல்லப்படுகின்றன.

நடுச் சாவகத்தின் லாவு மலைச் சரிவில் சுகு என்றொரு கோயில் இருக்கிறது. பதினைந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அங்குள்ள புடைப்புச் சிற்பமொன்றின் படத்தை நாம் முதன்முதலில் கண்டபோது சிறிது நேரம் பேச்சு எழவில்லை. அது ஒரு கொல்லன் பட்டறை. இடப்புறம் அமர்ந்து அலகை அடித்துக்கொண்டிருப்பவன் வீமன். வலப்புறம் நின்று துருத்தி இயக்குபவன் அருச்சுனன். இருவருக்கும் நடுவே யானை முகத்தோன் கூத்தாடுகிறார். பின்னால் செய்து முடித்த ஆயுதங்கள் அடுக்கியிருக்கின்றன. பாரதம் நம்மிடமும் உண்டு. நம் கோயில்களில் வீமன் கதை ஓங்குகிறான், அருச்சுனன் தவம் செய்கிறான். அவர்களை உலைக்களத்தில் உட்காரவைக்க நமக்குத் தோன்றவில்லை.

அந்த மதிப்பின் விளைவை இன்றும் காணலாம். சாவக ஆண்டின் முதல் மாதமான சுரோவில் குடும்பக் கெரிஸ்களை எடுத்து நீராட்டி எண்ணெய் பூசுகிறார்கள். நம் ஆயுத பூசையைப் போல. மலேசியாவில் மாமன்னர் அரியணை ஏறும்போது அரச கெரிசை முத்தமிடுகிறார். 2005இல் இந்தோனேசியக் கெரிசை மானுட மரபுச் செல்வமாக யுனெஸ்கோ அறிவித்தது. 2019இல் இந்தோனேசியாவின் பெஞ்சாக் சிலாட்டும் மலேசியாவின் சிலாட்டும் அப்பட்டியலில் சேர்ந்தன. அங்கும் எம்புகள் குறைந்துவருகிறார்கள் என்பது உண்மைதான். குறைந்துவிட்டார்களே என்று கவலைப்படவாவது அவர்களிடம் ஆள் இருக்கிறார்கள்.

நம்மிடம் கொல்லர் இல்லாமலா போயினர்? இரும்பில் நமக்குப் பஞ்சமே கிடையாது. ஆதிச்சநல்லூரில் அலெக்சாண்டர் ரீ அகழ்ந்தெடுத்த இரும்பு வாள்கள் சென்னை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. சேலம் மாவட்டத் தெலுங்கனூரில் கிடைத்த உயர்கரி உருக்கு வாள் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்தது என்கிறார்கள். 2025 சனவரியில் தமிழக அரசு வெளியிட்ட ‘இரும்பின் தொன்மை’ அறிக்கை சிவகளையை இன்னும் பின்னே, கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டுக்குக் கொண்டு செல்கிறது. கொடுமணலில் உருக்கு செய்த உலைகள் வெளிப்பட்டுள்ளன.

அந்த உருக்கைச் செய்த முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்திய ஹீத் என்ற ஆங்கிலேயர் எழுதி வைத்திருக்கிறார். தேனிரும்பைத் துண்டுகளாக்கி மண்மூசையில் இடுவார்கள். கூடவே ஆவாரங்குச்சிகள். மேலே எருக்கிலையால் மூடிக் களிமண்ணால் வாயை அடைப்பார்கள். இருபது மூசைகள் அளவுக்கு ஒன்றாக உலையில் அடுக்கித் துருத்தி ஊதி இரண்டு மூன்று மணி நேரம் காய்ச்சுவார்கள். மூடிய மூசைக்குள் குச்சியின் கரி இரும்பில் ஏறி அது உருக்காகிவிடும். மூசையை உடைத்தால் உள்ளங்கையில் அடங்கும் கட்டி. நம் வேலியோரத்து ஆவாரையும் எருக்கும் சேர்ந்து செய்த இந்தக் கட்டியைத்தான் உலகம் ‘வூட்ஸ்’ என்று பெயரிட்டு வியந்தது. 1795இல் பியர்சன் இலண்டன் அரச கழகத்தில் இதைப் பற்றிக் கட்டுரை படித்தார். 1819 முதல் சில ஆண்டுகள் இதன் சூட்சுமத்தைக் கண்டறிய முயன்றவர் மைக்கேல் ஃபாரடே. அவர் ஒரு கொல்லரின் மகன் என்பதைச் சொல்லாமல் விட மனமில்லை.

அப்படியானால் வாள்கள் எங்கே போயின?

தஞ்சைக்குப் போயின, அங்கிருந்து உடைசல் கடைக்குப் போயின. நாயக்கரும் மராட்டியரும் சேர்த்து வைத்த தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டில் தென்னகத்திலேயே பெரியவற்றுள் ஒன்று. யாளி வாய் திறந்த பிடிகள், கிளி மூக்குப் பிடிகள், வலை போல் துளையிட்டுச் செதுக்கிய உருக்குக் காப்புகள், கட்டாரிகள், பட்டாக்கள், அங்குசங்கள் என எல்லாம் அங்கே இருந்தன. 1855இல் இரண்டாம் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்தார். கும்பினி அரசு நாட்டை எடுத்துக்கொண்டது. 1860களின் தொடக்கத்தில் கொட்டிலைக் கலைத்தார்கள். தேர்ந்தெடுத்த ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. எஞ்சிய பெரும்பகுதி பழைய இரும்பாக எடை போட்டு விற்கப்பட்டது. வால்ஹவுஸ் என்ற அதிகாரி 1878இல் ‘இந்தியன் ஆண்டிகுவரி’ இதழில் தஞ்சை ஆயுதங்களைப் பற்றி எழுதினார். எழுதியவரும் ஆங்கிலேயர், விற்றவரும் ஆங்கிலேயர், வாங்கி உருக்கியவர் நம்மவராகத்தான் இருக்கவேண்டும். இன்று அவற்றை விரிவாக அறிய வேண்டுமானால் இராபர்ட் எல்குட் 2004இல் வெளியிட்ட ஆங்கில நூலைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

இன்னொன்றையும் எல்குட் வழியே அறிகிறோம். தஞ்சைக் கட்டாரிகள் பலவற்றின் அலகுகள் ஐரோப்பாவில் செய்தவை. பிடி மட்டும் நம்முடையது. மேனாட்டார் வியந்து ஆராய்ந்த உருக்கைத் தன்னகத்தே கொண்ட நாடு, அந்நாட்டார் வாளை வாங்கி அழகான பிடி போட்டுக்கொண்டது. கும்பினி வந்து வாளைப் பிடுங்குவதற்கு முன்பே அரண்மனைக்கும் உலைக்களத்துக்கும் இடையே ஏதோ அறுந்து போயிருந்தது என்றே நாம் எண்ணுகிறோம். இது நம் கருத்து. மாற்றுக் கருத்துள்ளவர் எழுதலாம்.

பிடுங்கியதும் உண்மைதான். 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டபின், அவ்வாண்டு டிசம்பரில் கும்பினி அரசு பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்து கோட்டைகளை இடித்தது. 1878இல் ஆயுதச் சட்டம் வந்தது. ஆனால் உருக்குக்கு யமனாக வந்தது சட்டம் மட்டுமன்று. கப்பலில் வந்த மலிவான ஆங்கிலேய இரும்பும், அடுப்புக்கரிக்குக் காடு கிடைக்காமல் போனதும் சேர்ந்துதான் மூசைகளை அணைத்தன.

ஆகவே மாணவருக்கு நம் விடை: எழும்பூர் அருங்காட்சியகம். கண்ணாடிக்கு உள்ளே. தொண்டைமான் கொட்டில் போலவே துடைத்துக் காவலில் இருக்கின்றன.

அவர் அதோடு விடவில்லை. “செய்யுறவங்க யாருமே இல்லையா ஐயா?” என்றார். இருக்கிறார்கள் என்று சொன்னோம். சிவகங்கைப் பக்கம் திருப்பாச்சேத்தி என்று சொன்னதும் சிரித்தார். அந்த ஊர்ப் பெயரைத் திரைப்படத்தில் கேட்டுச் சிரிக்கப் பழகியிருக்கிறோம். கதிர் அறுக்க, கருவேல் வெட்ட, தேங்காய் சீவ, கருப்பசாமிக்கு நேர்ந்துகொள்ள என்று அங்கே இன்றும் உலை எரிகிறது. கருப்பசாமி கோயில்களில் ஆளுயரத்துக்கு நிற்கும் அரிவாள்களைக் காணாதவர் யார்? அரண்மனையை நம்பியிருந்த வாள் அரண்மனையோடு போயிற்று. குடியானவனை நம்பியிருந்த அரிவாள் நின்றுகொண்டது. அதற்கு இரும்பு எங்கிருந்து வருகிறது தெரியுமா என்று கேட்டோம். நம் கொல்லர்கள் அரிவாள் அடிக்க விரும்பி வாங்குவது கழித்துப் போட்ட லாரியின் வில்பட்டை. நல்ல கரியேறிய உருக்கு; அடித்தால் கூர் நிற்கும்.

சற்று நேரம் பேசாதிருந்தார். ஒரகடத்தில் லாரி செய்யும் ஆலையே இருக்கிறது. தினமும் அதன் வாசலைக் கடந்துதான் வேலைக்கு வருகிறார்.

பிறகு தம் பையைத் திறந்து துணிச் சுருள் ஒன்றை எடுத்தார். பிரித்தால் சுருள்வாள். மெல்லிய நீண்ட தகடு, மரப் பிடி, இரண்டு தரையாணி. வாத்தியார் சொன்ன அளவில் தகடு வாங்கித் தாமே வெட்டி, தாமே முனை மழுக்கி, பிடி போட்டதாம். “பழகுறதுக்குக் கூர் வேண்டாம் ஐயா, நம்ம மேலயே சுத்தும்” என்றார். 2024 சனவரியில் சென்னையில் கேலோ இந்தியா இளைஞர் போட்டி நடந்தபோது சிலம்பத்தைக் காட்சி விளையாட்டாகச் சேர்த்திருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இவருக்கு ஆர்வம் வந்திருக்கிறது. எந்திரத்துக்கு இட்ட சந்தனத்தில் மிச்சம் கொஞ்சம் எடுத்து அதன் பிடியில் ஒரு பொட்டு வைத்தார். “மூசைக்கு வர்றேன் ஐயா. ஆவாரங்குச்சி பச்சையா போடுவாங்களா, காஞ்சதா?” என்று கேட்டார். காய்ந்ததுதான் என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே வெளியே நிறுவனப் பேருந்தின் ஒலி கேட்டது. சுருட்டி, துணியில் கட்டி, சாப்பாட்டுப் பாத்திரத்துக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு ஓடினார்.